அப்ரைசல் நேரத்தில் ஞாபகத்தை நம்ப வேண்டாம்

சாஃப்ட்வேர் வேலையில் புதிய ஃபீச்சர் செய்தால் எல்லோருக்கும் தெரியும். சர்வர் விழாமல் ஓடுவதற்குப் பட்ட பாடு யாருக்கும் தெரியாது, சில மாதங்கள் கழித்து அப்ரைசலில், அதாவது நம் வேலையை மதிப்பிடும் நேரத்தில், நமக்கே மறந்துவிடும். அதனால் வாரக் கடைசியில் 10 நிமிடம் ஒதுக்கி, செய்ததை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள்.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "பக் சரி செய்தேன்" என்பது எதற்கும் உதவாது. "ரிப்போர்ட் பக்கம் திறக்க 9 விநாடி ஆனது, டேட்டாபேஸில் இண்டெக்ஸ் சேர்த்ததும் 1 விநாடிக்குள் திறக்கிறது" என்று முன்பு, பின்பு இரண்டையும் எழுதுங்கள். பழைய அளவை, கோட் (நிரல்) மாற்றுவதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தேடினால் கிடைப்பது கஷ்டம். கோட் ரிவியூ, புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தது, நள்ளிரவில் எழுந்து பார்த்த ப்ரொடக்ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் சிஸ்டம்) பிரச்சினை எல்லாமே கணக்குதான். இவற்றில் பாதி கமிட்டில் (கோட் மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) வராது.

இதுவரை எழுதவில்லையா? சரி, கோட் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் (Git) கருவியில் லாக் கட்டளையோடு ஆத்தர் (எழுதியவர்), சின்ஸ் (எந்தத் தேதியிலிருந்து) ஆப்ஷன்களைக் கொடுத்தால் உங்கள் பழைய கமிட்டுகள் தேதியோடு வரும். அதிலிருந்து தொடங்கலாம். ரெஸ்யூமே புதுப்பிக்கும்போதும் இதே ஃபைல் கைகொடுக்கும். ஒன்று மட்டும்: கம்பெனியின் கோட், வாடிக்கையாளர் விவரம், பாஸ்வேர்டு எதையும் அதில் போடாதீர்கள்.