மரபணு மாற்று உணவு: லேபிளில் ஏமாறும் இடங்கள்

சோதனைக்கூடத்தில் மரபணுவை மாற்றிய பயிரின் உணவை (சுருக்கமாக ஜி.எம்.) தவிர்க்கப் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கப் பழகுகிறவர்கள் அநேகமாக ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். காலாவதித் தேதி பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடலாம்.

உப்பில் மரபணு தேடுவது

காசு வீணாகப் போவது இதில்தான். பாளையங்கோட்டைப் பக்கம் மளிகைக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "அண்ணாச்சி, இதுல ஜி.எம். கெடையாதுல்லா?" "மேலேயே 'ஜி.எம். இல்லை'ன்னு போட்டிருக்குல்லாக்கா." கையில் இருப்பது உப்புப் பாக்கெட். தூத்துக்குடி அளத்தில் வெயிலில் விளைந்த உப்புக்கு ஏது மரபணு? நல்லெண்ணெய், கடலை எண்ணெய், உளுந்து எதிலும் மரபணு மாற்று ரகம் சந்தையிலேயே இல்லை. இந்தியாவில் விவசாயிகள் அனுமதியோடு பயிரிடும் ஒரே மரபணு மாற்றுப் பயிர், 2002-ல் வந்த பி.டி. பருத்தி (புழுவைத் தடுக்க ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தது). பி.டி. கத்தரியை 2010-லேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்புறம் அந்த 'ஜி.எம். இல்லை' முத்திரைக்கு எதற்குக் கூடுதல் விலை?

அதே பையில் ரீபைண்டு சோயா எண்ணெய் திருப்பிப் பார்க்காமலே ஏறுகிறது. அதில் பெரும்பங்கு அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து கப்பலில் வருவது. அங்கே விளையும் சோயா ஏறக்குறைய எல்லாமே மரபணு மாற்றியது. பார்க்க வேண்டிய இடம் இதுதான். கலப்பு எண்ணெய் என்றால் எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும். பிஸ்கட், மிக்சரில் 'தாவர எண்ணெய்' என்பதோடு நிற்காமல் பக்கத்தில் சோயாவா, பருத்திக்கொட்டையா, பாமாயிலா என்று படியுங்கள். எடை அதிகமான பொருள்தான் பட்டியலில் முதலில் வரும்.

எழுதவில்லை, அதனால் இல்லை

மரபணு மாற்றிய பொருள் இருந்தால் பாக்கெட்டின் முன்பக்கம் மேலே 'ஜி.எம்.' என்று போட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதல் இருக்கிறது. கடையில் தேடினால் அகப்படுவது அபூர்வம். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது புரதமும் டி.என்.ஏ.வும் பெரும்பாலும் போய்விடும், சோதனைக்கூடத்தில் பிடிப்பது கடினம். 2021 மார்ச் முதல் இறக்குமதியாகும் 24 உணவுப் பயிர்களுக்கு 'மரபணு மாற்று இல்லை' என்ற சான்று கட்டாயம், 1 சதவீதம் வரை கலப்புக்கு இடமுண்டு. அது விளைபொருளுக்குத்தான், பதப்படுத்திய உணவுக்கு இல்லை.

பருத்திப்பாலை மறப்பது

நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ரகம். வண்டியில் சுடச்சுட விற்கும் பருத்திப்பாலுக்கு லேபிள் கிடையாது. குடிக்கக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஜி.எம். வேண்டாம் என்று முடிவெடுத்தவர் கோவில்பட்டிக் கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியின் கொட்டை கிடைக்குமா என்று விசாரித்து வாங்கி, வீட்டில் ஆட்டிக்கொள்ள வேண்டும்.

ஹைபிரிட்

ஹைபிரிட் என்பது இரண்டு ரகங்களை மகரந்தச் சேர்க்கையால் கலப்பது. அது வேறு, ஜி.எம். வேறு.

பழ ஸ்டிக்கரில் 8

8-ல் தொடங்கும் ஐந்திலக்க எண் ஜி.எம். என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த எண் கடைகளில் புழக்கத்துக்கு வரவே இல்லை.

பில் இல்லாமல் புகார்

பில், பேட்ச் எண், 14 இலக்க உணவு உரிம எண் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.), இரண்டு பக்கமும் எடுத்த படம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.