கொழும்பின் காலை நடையில் பறவைகளை அடையாளம் காணுதல்

கொழும்பில் பறவை பார்க்க விரும்புவோர், வாகன இரைச்சல் பெருகுவதற்கு முன்பாக, காலை ஆறு மணியளவிலேயே புறப்பட வேண்டும். தொடங்குவதற்குச் சிறந்த இடம் பேர வாவி. கங்காராமை விகாரை அமைந்துள்ள கிழக்குக் கரையில் நின்றால், வெயில் முதுகுப்புறமாக விழுவதால், நீரிலுள்ள பறவைகளின் நிறங்கள் தெளிவாகத் தெரியும். அங்கே கூழைக்கடாவைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, அது எளிதில் கண்ணில் படும். நீர்க்காகம் சிறகுகளை விரித்து அமர்ந்திருப்பதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். அதன் இறகுகள் எளிதில் நனைவதால், மூழ்கி மீன்பிடித்த பின்னர் அவற்றை அது உலர்த்திக்கொள்கிறது. வெள்ளைக் கொக்குகளைப் பிரித்தறிய உருவத்தின் அளவை மட்டும் நம்பாதீர்கள். கறுத்த அலகும் மஞ்சள் பாதங்களும் இருந்தால் அது சின்னக் கொக்கு. மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் இருந்தால், பெரும்பாலும் உண்ணிக்கொக்கு.

பின்னர் விகாரமகாதேவி பூங்காவுக்கு நடந்து செல்லுங்கள். அங்குள்ள பெருமரங்களின் கீழே கண்ணைவிடக் காதே அதிகம் உதவும், ஏனெனில் விடாமல் ‘குட்ரூ, குட்ரூ’ என்று ஒலிக்கும் குக்குறுவானின் பச்சை உடலை இலைகளுக்குள் கண்டுபிடிப்பது கடினம். பாண் (ரொட்டி) விற்கும் ‘சூன் பாண்’ முச்சக்கரவண்டி இசையோடு கடந்து செல்லும்வரை பொறுத்திருந்து, மீண்டும் செவிகொடுங்கள். பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களையும் தவறவிடாதீர்கள்.

தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் நேரம், இடம், பறவையின் செயல் ஆகியவற்றை அன்றன்றே கொப்பியில் எழுதிவிடுங்கள்.