பன்னெண்டு வார்த்தை, ஒரு நோட்டு: ஞாபகத்த வீட்லயே அளக்கறது எப்படி

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறைங்க, கேரளாவுல பாலக்காடு ஜில்லா. சைக்காலஜி பிராக்டிக்கல் ரெக்கார்டுக்காக வீட்டு ஆளுங்க, பக்கத்து வீட்டு ஆளுங்கன்னு ஒம்போது பேர உக்கார வச்சு குறுகிய கால ஞாபகத்த அளந்தேன். அதுல முதல் நாலு பேரோடத அப்படியே தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு, தப்பு அவங்க மேல இல்ல, என் மேல.

வேணுங்கறது ஒரு நோட்டு, பென்சில், போன்ல மெட்ரோனோம் ஆப் (சீரா டிக் டிக்னு தாளம் போடறது), அவ்வளவுதான். மெமரி டெஸ்ட்டுன்னு கெடைக்கற ஆப்புகள நான் சீண்டறதில்ல, நான் பாத்ததெல்லாம் வார்த்தைய ஸ்கிரீன்ல காட்டுது. எங்க பக்கம் வீட்ல தமிழ் பேசுவாங்க, படிச்சது மலையாளம் மீடியமா இருக்கும், எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த வார்த்தை வந்துரும். வாயால படிச்சுக் காட்டறதுதான் சரி.

முதல்ல லிஸ்ட். நான் போட்டது: குடை, பூனை, தயிர், சாவி, மணல், ரயில், ஊசி, கிணறு, பஞ்சு, காது, நிலா, செருப்பு. ஏன் பன்னெண்டுன்னா, ஒருத்தரு ஒரே நேரத்துல மனசுல வச்சுக்க முடியறது ஏழு, கூட்டியோ கொறச்சோ ரெண்டுன்னு மில்லர்ங்கற சைக்காலஜிஸ்ட் 1956ல எழுதினாரு, கோவன்னு இன்னொரு சைக்காலஜிஸ்ட் 2001ல அதெல்லாம் இல்ல, உண்மையில நாலு பக்கம்தான்னாரு. ஏழே ஏழு வச்சா பாதிப் பேரு ஃபுல் மார்க் வாங்கிட்டுப் போயிருவாங்க, அப்புறம் எதைய அளக்கறது? வார்த்தை சின்னதா இருக்கட்டும், மனசுக்குள்ள சொல்லிப் பாக்க நேரம் புடிக்கற நீள வார்த்தைங்க கம்மியாத்தான் நிக்கும். சோறு, சாம்பார், ரசம்னு ஒரே இனமா வைக்காதீங்க, மூணும் ஒரே மூட்டையா ஒட்டிக்கும்.

அடுத்து படிக்கறது. நான் வழுக்கி விழுந்த எடம் இதுதான். மெட்ரோனோம் 60ல (நிமிஷத்துக்கு 60 டிக்) வச்சு ஒண்ணு விட்டு ஒரு டிக்குக்கு ஒரு வார்த்தை, அதாவது ரெண்டு செகண்டுக்கு ஒண்ணு. நேரமெல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு. ஆனா என்னையறியாம மூணு மூணா ராகம் போட்டுட்டேன், குடை பூனை தயிர்ர்ர், சாவி மணல் ரயில்ல்ல்னு. அம்மிச்சி (அம்மாவப் பெத்தவங்க) அதே ராகத்துல பத்து வார்த்தைய ஒப்பிச்சுட்டு, "ஏங்கண்ணு, நீ தாலாட்டாட்டம் பாடுனா எனக்கெங்க மறக்கும்"னாங்க. ரெக்கார்ட் பண்ணினதப் போட்டுக் கேட்டேன், நாலு பேருக்கும் அதே பாட்டுதான். அதனால மொத தடவ உங்க குரலையே ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, எல்லா வார்த்தையும் ஒரே மட்டமா, சப்புன்னு இருக்கணும்.

படிச்சு முடிச்ச உடனே சொல்லச் சொன்னா கடைசி மூணு வார்த்தை மொதல்ல வந்து விழும், அது இன்னும் காதுலயே நிக்கறதுதான். கிளான்சர், குனிட்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1966ல நடுவுல 30 செகண்ட் எண்ண விட்டப்ப அந்தக் கடைசி வார்த்தை லாபம் காணாமப் போச்சு, மொத வார்த்தைங்க மட்டும் தாக்குப் புடிச்சுது. அதனால ரெண்டு லிஸ்ட் வேணும். ஒண்ணு உடனே சொல்ல, இன்னொண்ணு 197ல இருந்து மூணு மூணா கொறச்சுக்கிட்டே 30 செகண்ட் போன பின்னாடி சொல்ல. எங்க மளிகைக்கடை மாமா இதைய தூக்கத்துலயே பண்ணுவாரு, அவருக்கு மட்டும் ஏழு ஏழா கொறைக்கச் சொன்னேன், ரெக்கார்டுல அதையும் எழுதிட்டேன்.

மார்க் போடறப்ப வரிசை பாக்க வேண்டாம். எங்க ஊருச் சிக்கல் வேற. ஒரு அக்கா சாவிக்கு மலையாளத்துல "தாக்கோல்"னு சொல்லிட்டாங்க. பொருள் ஞாபகம் இருக்கு, சத்தம் போயிருச்சு. நான் மார்க் குடுத்து பக்கத்துல ஒரு வட்டம் போட்டேன், ஆனா சொன்ன வரிசையிலயே திருப்பிச் சொல்ற டெஸ்ட்டா இருந்தா குடுத்திருக்க மாட்டேன், அங்க சத்தம்தான் பெருசு. அம்மிச்சி ரெண்டாவது தடவ, லிஸ்டுலயே இல்லாத "கயிறு"ன்னாங்க. கிணறு இழுத்துட்டு வந்த கயிறு! அதுக்கு மார்க் இல்ல, ஆனா தனியா எழுதி வைங்க. மார்க் கம்மின்னு யாருக்கும் மறதி நோய்னு நீங்களே முடிவு கட்டிராதீங்க, சந்தேகமிருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

அப்டேட்: ஆஸ்பத்திரியில வேல பாக்கற ஒருத்தங்க கேட்டாங்க, "ஊசியும் பஞ்சும் ஒரே லிஸ்டுல வச்சிருக்கீங்களே, எங்களுக்கு அது ஒரே வார்த்தையாச்சே"ன்னு. ஆமால்ல! பஞ்ச எடுத்துட்டு வில் போட்டுக்கங்க.

இன்னொருத்தர் ஒரே ஆளுக்கு அதே லிஸ்ட மறுநாளும் போட்டுட்டு ஞாபகம் கூடிருச்சுன்னாரு. கூடலைங்க, லிஸ்டு மனப்பாடம் ஆயிருச்சு. ஒவ்வொரு தடவையும் புது லிஸ்ட் போடுங்க.