மெட்டு யாருடையது, வரி யாருடையது: ஏஐ வைத்துப் பாட்டு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ துக்க வீட்டில் மரண கானா (இறந்தவரை நினைத்துப் பாடும் தெருப்பாட்டு) பாடும்போது பல பாட்டுகள் தெரிந்த சினிமா மெட்டில்தான் இருக்கும். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. மெட்டு எந்தப் படத்தினுடையது என்று உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். வரி மட்டும் புதுசு. இறந்தவர் பேர், அவர் ஏரியா, செய்த வேலை எல்லாம் அதற்குள் வந்துவிடும். கடைசி அடியில் எழுதியவர் பேரைச் சேர்ப்பதும் உண்டு. கடன் வாங்கியது வெளிச்சத்தில் இருக்கிறது.

"வடசென்னை கானா ஒண்ணு எழுதிக் கொடு" என்று ஏஐ செயலியிடம் கேட்டு வாங்கும்போது இந்த வெளிச்சம் போய்விடுகிறது. எந்த அடி எங்கிருந்து வந்தது என்பது கேட்டவருக்குத் தெரியாது, செயலியும் நம்பும்படி சொல்லாது. முக்கால்வாசித் தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, "பேர் போட்டுவிட்டால் போதும்" என்று நினைப்பது. பேரை மறைப்பது ஒரு குற்றம், உரிமையை மீறுவது வேறொரு குற்றம். பாரதியார் 1921-இல் மறைந்தார், 1949-இல் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கியது, பிறகு அதைப் பொதுவாக்கியது. அவர் அடியை எடுத்துப் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் தன் அடி என்று சொன்னால் அது திருட்டுதான். பிறர் பாட்டைத் தன் பாட்டாகச் சொல்பவரைக் கள்ளக்கவி என்று செய்யுள் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் எப்போதோ பேர் வைத்துவிட்டன. மறுபக்கம், பத்து வருஷத்துக்கு முந்தைய சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு "இசை: இன்னார்" என்று நேர்மையாக எழுதினாலும் உரிமை மீறல் தீராது. இந்தியாவில் பாட்டாசிரியர், இசையமைப்பாளர் படைப்புகளுக்கு அவர்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் காப்புரிமை உண்டு.

தெருவில் பாடியதை யூடியூபில் ஏற்றும்போது நிலைமை மாறுவது இதனால்தான். யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி மெட்டைக் கண்டுபிடித்து உரிமை கோரினால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், சேனல் பிழைக்கும். உரிமையாளர் புகாரால் ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கை வந்தால் கதை வேறு. ஒவ்வொன்றும் 90 நாள் நிற்கும், அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். "7 விநாடி எடுத்தால் தப்பில்லை, 30 விநாடி வரை சரி" என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி எந்த விநாடிக் கணக்கும் கிடையாது. தலைப்பில் "கவர்" என்று போடுவதும் காப்பாற்றாது. சட்டத்தின் 31சி பிரிவுப்படி கவர் பதிவு செய்ய, பாட்டின் முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து அதற்குப் பின் 5 ஆண்டும் கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் தர வேண்டும். முக்கியமாக, வரியை மாற்றக் கூடாது. கானாவின் உயிரே வரியை மாற்றுவது, ஆகவே இந்த வழி நமக்குப் பொருந்தாது.

சொந்த மெட்டு கட்டுவதே பாதுகாப்பு. அது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமும் இல்லை. டோலக்கில் விழும் பொதுவான தாளமும் நடையும் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, அதை விட வேண்டாம். முதலில் மெட்டில்லாமல் தீப்பெட்டியையோ மேசையையோ தட்டிக்கொண்டு வரியைச் சொல்லிப் பாருங்கள். சொல்லின் ஏற்ற இறக்கமே ஒரு மெட்டுக்கு இழுத்துப் போகும், அதைப் போனில் பதியுங்கள். பிறகு நீங்கள் யாரைப் போல் பாட முயல்கிறீர்கள் என்று தெரியாத மூன்று பேருக்குப் பல்லவியை மட்டும் போட்டுக் காட்டி, "எந்தப் பாட்டு ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே பாட்டைச் சொன்னால் பல்லவியை மாற்றியே ஆக வேண்டும். இது வெறும் தெருச் சோதனை இல்லை. தன் நாடகத்தைப் படமாக நகலெடுத்தார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்ன அளவுகோலும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: இரண்டையும் பார்த்த சாதாரண ஆளுக்கு இது அதன் நகல்தான் என்ற எண்ணம் ஐயமில்லாமல் எழுகிறதா? கருவுக்கும் கதைக்களத்துக்கும் காப்புரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. காசிமேட்டுப் படகையும் எண்ணூர்ச் சாம்பலையும் எத்தனை பேரும் பாடலாம்.

அடுத்த தவறு, பிராம்ப்டில் (செயலிக்கு நாம் எழுதும் கட்டளையில்) ஒரு பாடகர் பேரைச் சொல்லி "அவர் ஸ்டைலில்" என்று கேட்பது. பாணிக்குக் காப்புரிமை இல்லை, உண்மைதான். ஆனால் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பார்த்த வரியைச் செயலி அப்படியே கக்கிவிடுவதும் உண்டு. பேர் சொல்லிக் கேட்பதைக் குறுக்கக் குறுக்க அந்த ஆபத்து கூடும். அதனால் வந்த வரிகளில் தொடர்ச்சியான ஐந்தாறு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். "இன்னாபா", "என்னாப்பா" என்று எழுத்து மாறுவதால் இரண்டு விதமாகவும், பிறகு தங்கிலீஷிலும் தேடுங்கள். கூகுளில் ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய கானாவில் பெரும்பகுதி எழுத்திலேயே இல்லை. கேசட்டிலும் பாடியவர் நினைவிலும்தான் இருக்கிறது. ராயபுரத்திலோ கொருக்குப்பேட்டையிலோ இருக்கும் மூத்த பாடகர் ஒருவருக்குப் பாடிக் காட்டுவது எந்தத் தேடலைவிடவும் உறுதியான சோதனை. அவர்கள் பேர் எங்கும் அச்சாகவில்லை என்பதாலேயே அவர்கள் வரியைப் பொது வரியாக நினைத்துவிடுவது, இந்த ஊரில் நடக்கும் தவறுகளிலேயே கொடுமையானது.

குரலை நகல் எடுப்பதில் சந்தேகத்துக்கே இடம் வைக்க வேண்டாம். "லால் சலாம்" படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரகுமான் ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் தந்ததாக 2024-இல் அறிவித்தார். அதே ஆண்டு அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுமதியில்லாமல் ஏஐ மூலம் குரலை நகல் செய்வது அவருடைய ஆளுமை உரிமையை (தன் பேர், குரல், உருவம் மீது ஒருவருக்கு உள்ள உரிமையை) மீறுவது என்றது. நினைவு நாளில் இறந்தவர் குரலிலேயே பாட்டுப் போடலாம் என்று ஆசை வந்தால், குடும்பத்தார் கையெழுத்தோடு அனுமதி வாங்கிய பிறகுதான் குரல் பதிவைத் தொட வேண்டும்.

ஏஐ கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு "முழு உரிமை எனக்கு" என்று சொல்வதும் உறுதியில்லாத காரியம். கணினியால் உருவான படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. பிராம்ப்ட் கொடுத்தவர் அந்த இடத்துக்குத் தகுதியா என்பது இன்னும் தீரவில்லை. அமெரிக்காவில் 2023-இல் ஒரு சித்திரக்கதைக்கு அதன் எழுத்துக்கும் தொகுப்புக்கும் மட்டும் காப்புரிமை தந்து, ஏஐ வரைந்த படங்களை விலக்கினார்கள். எனவே உங்கள் கை எங்கே பட்டது என்பதைக் காட்ட நோட்டுப் பக்கங்களைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். மெட்டை முணுமுணுத்த பதிவு, கொடுத்த பிராம்ப்ட், செயலி தந்த முதல் வடிவம் எதையும் அழிக்காதீர்கள். இலவசக் கணக்கில் செய்த பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்று செயலியின் விதியைப் படியுங்கள், பலவற்றில் கூடாது. காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய விரும்பினால் படிவம் 14, ஒரு பாட்டு வரிக்கு 500 ரூபாய், ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு.

தாக்கம் எது, திருட்டு எது என்ற கேள்விக்கு, முன்னோர் நூலைப் பின்பற்றி எழும் வழிநூலைப் பற்றி நன்னூல் சொல்வது இன்றும் கைகொடுக்கும்: "பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி". முன்னவரோடு ஒத்துப்போகலாம், ஆனால் பின்னால் வந்தவர் வேண்டிச் சேர்த்த வேறுபாடு ஒன்று இருக்க வேண்டும். செயலி சேர்த்த வேறுபாடு அந்தக் கணக்கில் வராது.

வெளியிடும்போது விவரப் பகுதியில் இப்படி எழுதுங்கள்: "வரி, மெட்டு: சொந்தம். பல்லவியின் முதல் சொல் இன்னார் பாடிய பழைய மரண கானாவிலிருந்து, அவரைக் கேட்டு எடுத்தது. இரண்டாம் சரணத்தில் எதுகைச் சொற்கள் தேட ஏஐ பயன்பட்டது. டோலக்: இன்னார், நேரடிப் பதிவு." நிஜம் போலத் தோன்றும் ஏஐ குரலோ காட்சியோ இருந்தால் யூடியூபில் அதற்கான குறியையும் போட வேண்டும், 2024 முதல் அது கட்டாயம்.