போர்க்கால அரசதந்திரி ஆர்க்காடு இராமசாமி முதலியாரின் வரலாற்றை எழுதும் முறை

சேலத்து மாணவர்கள் ஆர்க்காடு இராமசாமி முதலியாரைப் பற்றிக் கட்டுரை எழுத முற்பட்டால், முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். நம் ஊர்ப் பெயரால் அறியப்பட்ட சேலம் இராமசாமி முதலியார் வேறொருவர். கும்பகோணத்தில் முன்சீப்பாக (கீழ்நிலை நீதிபதியாக) இருந்தபோது உ. வே. சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிய பெருமை அவருக்கு உரியது. நாம் எழுதவிருப்பவர் 1887இல் கர்நூலில் பிறந்து, நீதிக்கட்சியின் முன்னணித் தலைவராக விளங்கியவர். அவருடன் இரட்டையராகப் பிறந்த இலட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த மருத்துவர். மூவரின் குறிப்புகளையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

அடுத்து, 1942 முதல் 1946 வரையிலான ஆண்டுகளை வரிசைப்படுத்தி, ஆர்க்காடு இராமசாமி முதலியார் ஆற்றிய பணியை ஒருபுறமும் அதே வேளையில் நாட்டில் நடந்ததை மறுபுறமும் எழுதுங்கள். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1942இல் சர்ச்சிலின் போர் அமைச்சரவையில் இந்தியாவின் சார்பில் பங்கேற்க அவர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்கள் சிறைப்பட்டனர். 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இந்தியக் குழுவின் தலைவராக ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையெழுத்திட்டார். ஆனால், அக்குழு இந்திய மக்களின் பிரதிநிதி அன்று என்று விஜயலட்சுமி பண்டிட் அந்த மாநாட்டின்போது அங்கேயே வாதாடினார். ஆங்கில அரசு நியமித்தவர் என்பதை மறைத்தால் கட்டுரை வெறும் புகழுரையாகிவிடும். அதை மட்டுமே சொன்னால் அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அந்த வேலை சிறியதன்று: 1946இல் ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். அம்மன்றம் அவ்வாண்டு நியூயார்க்கில் கூட்டிய மாநாட்டில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் உருவானது.

சேலத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1944 ஆகஸ்ட் 27 அன்று இங்கு கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. அரசு தந்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரையின் தீர்மானமும் நிறைவேறியது. ‘சர்’ பட்டம் பெற்றிருந்த ஆர்க்காடு இராமசாமி முதலியாரின் வரலாற்றில் இந்த முரணை விரிவாக ஆராயுங்கள். மாநாட்டைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் செய்திகளை வாய்மொழித் தகவல் என்றே குறிப்பிடுங்கள்.

மைசூர்த் திவான் பதவியையும் 1970இல் பெற்ற பத்ம விபூஷணையும் ஓரிரு வரிகளில் முடிக்கலாம். ஆனால், 1948இல் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைவது பற்றிய விவகாரம் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குச் சென்றபோது, விடுதலை பெற்ற இந்தியாவும் தன் தரப்பைச் சொல்ல அவரையே அனுப்பியது என்பதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.