தேங்க்ஸ்கிவிங் எபிசோட் எழுதுகிறீர்களா? வான்கோழியைக் காட்டாதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிட்காம் (டிவி நகைச்சுவைத் தொடர்) பாணியில் எழுதும் ஸ்கிரிப்டுகளைப் படித்துத் திருத்தம் சொல்வது என் வேலைகளில் ஒன்று. அக்டோபர் பிறந்தால், குடும்பமாகக் கூடி வான்கோழி விருந்து சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையைப் பற்றிய கதைகளாக வந்து குவியும். நீள வசனம், அசட்டு ஜோக் இதெல்லாம் அவர்களே போகப்போகச் சரிசெய்துகொள்வார்கள். நானே ஒருகாலத்தில் கட்டி அழுத சில கோளாறுகள் மட்டும் தலைமுறை மாறினாலும் போகமாட்டேன் என்கின்றன.

விபத்தைக் காட்டிவிடுவது

1978 அக்டோபர் 30 அன்று ஒளிபரப்பான 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்ற அமெரிக்க சிட்காமின் எபிசோடைப் பார்க்காமல் யாரும் இதில் கைவைக்கக் கூடாது. நொடித்துப்போன வானொலி நிலையம். விளம்பரத்துக்காக மேனேஜர் கார்ல்சன் ஹெலிகாப்டரிலிருந்து உயிருள்ள வான்கோழிகளை ஷாப்பிங் மாலுக்கு மேல் தள்ளிவிடுகிறார். காட்டு வான்கோழி கொஞ்ச தூரமாவது பறக்கும். கறிக்காகக் கொழுக்கவைத்த பண்ணை வான்கோழி பறக்காது. இவ்வளவு பெரிய கூத்தில் ஒரு கோழிகூட விழுவதைக் காட்டமாட்டார்கள். மைக்கோடு நிற்கும் செய்தியாளர் லெஸ் நெஸ்மனின் முகமும், ஸ்டுடியோவில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகங்களும்தான் காட்சி. யாரோ பாராசூட்டில் குதிக்கிறார்கள் என்று லெஸ் முதலில் நினைக்கிறார். பாராசூட் விரியவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிகிறது. ஈர சிமெண்ட் மூட்டை மாதிரி விழுகின்றன என்று கதறுகிறார். கடைசியில் அலங்கோலமாகத் திரும்பும் கார்ல்சன், கடவுள் சாட்சியாக வான்கோழி பறக்கும் என்றுதான் நினைத்தேன் என்கிறார். அதோடு முடிந்தது.

இதைச் சொல்லியும் ஒரு குழு கேட்கவில்லை. வாடகைக்கு எடுத்த வீட்டில் நிஜ வான்கோழியை வேகவைத்து, ட்ரேயிலிருந்து வழுக்கவிட்டு, க்ளோஸ்-அப்பில் உருளவிட்டார்கள். கொழுப்பு கார்ப்பெட்டில் இறங்கியது. வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தரவில்லை. சரி, பணம் போனால் போகட்டும், சிரிப்பாவது வந்ததா? எடிட்டில் பார்த்தால் ஒரு கோழி உருள்கிறது, அவ்வளவுதான். ஸ்கிரிப்டின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன்: கேமரா ஹாலைவிட்டு நகர வேண்டாம். உள்ளே தொம்மென்று ஒரு சத்தம். உடனே மாமியார் குரல், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நீங்க பேசிட்டிருங்க." கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் கிரேவி மெல்ல வழிந்து வருகிறது. இதற்குச் செலவு ஒரு கரண்டி கிரேவி. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

மது பார் ஒன்றைச் சுற்றி நடக்கும் 'சியர்ஸ்' தொடரின் 1986 தேங்க்ஸ்கிவிங் எபிசோடில் இதே வித்தை வேறு விதமாக வரும். பாரின் வாடிக்கையாளர் நார்மின் மனைவி வேராவின் முகத்தை அந்தத் தொடர் காட்டுவதே இல்லை. அன்று விருந்துக்கு வந்தே விடுகிறார். சாம் என்ற பாத்திரத்தைக் குறிவைத்து டயான் என்ற பெண் எறிந்த 'பை' (pie) என்ற பண்டம் வேராவின் முகத்தில் அப்பிக்கொள்கிறது. வந்தும் பார்க்க முடியவில்லை!

சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடுவது

அதே 'சியர்ஸ்' எபிசோடில் வான்கோழி வெந்தே தொலையாது. பசிதான் சண்டையை மூட்டுகிறது. உங்கள் கதையில் முதல் காட்சியிலேயே இலை போட்டுவிடுகிறீர்கள்.

எல்லோரும் ஏன் ஒரே வீட்டில்?

காரணம் வேண்டும். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் 1994 தேங்க்ஸ்கிவிங் எபிசோடில் ஆளுக்கொரு காரணத்தால் நண்பர்கள் ஒரே வீட்டில் சேர்கிறார்கள்.

தேதி

கதை நடக்கும் நாட்டைப் பார்த்துப் போடுங்கள். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன். கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள்.

கட்டிப்பிடித்து அழும் முடிவு

வேண்டாம்.

தமிழ் வீட்டில் வான்கோழியைத் திணிப்பது

அமெரிக்க நகைச்சுவை நடிகர் அசீஸ் அன்சாரியின் பெற்றோர் திருநெல்வேலிக்காரர்கள். 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரின் தேங்க்ஸ்கிவிங் எபிசோடை எழுதியதற்காக அவரும் லீனா வெய்த்தும் 2017-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது வாங்கினார்கள். அதில் அன்சாரியின் பாத்திரமான தேவின் வீட்டில் இந்தப் பண்டிகையே கிடையாது. வருடாவருடம் தோழி டெனிஸின் வீட்டு மேசையில்தான் அவனுக்குச் சாப்பாடு. அந்தக் குடும்பத்தின் மனஸ்தாபமெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் அவன் கண்ணெதிரேதான் வெடிக்கிறது. உங்கள் நாயகி வீட்டில் அன்றைக்குச் சாம்பார் என்றால் சாம்பாரே இருக்கட்டும். அவளைப் பக்கத்து வீட்டு விருந்துக்கு அனுப்பிப் பாருங்கள்.