முதல் ஆங்கில நாவல்: எங்கே சறுக்குகிறோம்?

ஆங்கிலம் பழக நாவல் படிக்கலாம் என்று முடிவு செய்ததும், நம்மில் பலர் கையில் எடுப்பது ஊரே புகழும் ஒன்றைத்தான். நான் வாங்கியது டிக்கன்ஸின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்'. 1859-ல் வந்த அந்த நாவலின் முதல் வாக்கியமே 119 சொற்கள். முற்றுப்புள்ளியைத் தேடி மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுப்பதும் இதே பள்ளம்தான். புராஜெக்ட் குட்டன்பர்க் போன்ற தளங்களில் இருப்பவை பெரும்பாலும் காப்புரிமை முடிந்த பழைய நூல்கள். அவற்றில் கடினமான சொற்களைவிடத் தெரிந்த சொற்கள்தான் அதிகம் ஏமாற்றும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன்னை ஆதரிக்கும் சீமாட்டியின் 'கான்டிசென்ஷன்' பற்றி உருகி உருகிப் பேசுவார். இன்று அந்தச் சொல்லுக்கு அடுத்தவரை மட்டமாக நினைத்துப் பேசும் தோரணை என்று பொருள். அன்றோ, பெரிய இடத்து மனிதர் இறங்கிவந்து பழகும் பெருந்தன்மை. இன்றைய பொருளை வைத்துப் படித்தால், அவர் புகழ்கிறாரா திட்டுகிறாரா என்றே குழம்பிப்போகும்.

சரி, குழந்தைப் புத்தகம் எடுக்கலாமா? 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' எடுத்தவர்களைக் கேளுங்கள். எலி தன் சோகக் கதையைச் சொல்ல வரும். ஆலிஸ் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கதைக்கும் வாலுக்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு, எழுத்து மட்டும் வேறு. பக்கத்துக்குப் பக்கம் இப்படிச் சிலேடை. நம் காளமேகப் புலவரைத் தமிழ் பழகுகிறவர் கையில் கொடுத்தால் எப்படியிருக்கும்? அதே கதைதான். ஒல்லியான புத்தகம் என்பதும் உத்தரவாதமில்லை. ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் தி சீ' சின்னதுதான், வாக்கியங்களும் எளிமை. ஆனால் படகு, தூண்டில் சமாச்சாரச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும்.

மொழி ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குச் சொன்னார். அகராதியைத் தொடாமல் நாவலைப் புரிந்து படிக்க, நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும். 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறு சொல் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான். கடையில் நின்றபடியே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பின்னட்டையைப் படித்து முடிவெடுக்காதீர்கள். அது விற்பதற்காக எழுதியது.

சுருக்கி எளிமையாக்கிய பதிப்புகளைக் கேவலமாக நினைப்பது இன்னொரு தவறு. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களிலும் ஆறாம் நிலை 2,500 சொற்களிலும் எழுதப்பட்டவை. 'இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு' என்று நானும் ஒதுக்கியவன்தான்.

'நம்ம ஊர் ஆள் எழுதியது' என்று ஆர்.கே. நாராயணனைத் தள்ளுவதுதான் எனக்குப் புரியாத விஷயம். 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' (1935) திறந்தால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம், பரீட்சை, கிரிக்கெட், பாட்டி. சூழல் முன்பே தெரிந்ததால், தெரியாத சொல்லின் பொருள் தானாகப் பிடிபடும்.

எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்ற வீம்பும் வேண்டாம். என் டிக்கன்ஸ் அலமாரியில்தான் இருக்கிறது. அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் இன்னும் 12-ஆம் பக்கத்தில்.